ஒரு பைசா இதழுக்கு ஒரு கெட்டி அட்டை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரம், ஒரு நூலால் பெயர் பெற்ற ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. அந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் வழங்கியது. ஏட்டில் இருந்த நூல் பிறகு அச்சேறியது. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. அதை ஊர் ஊராகப் பேசிப் பரப்பினார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆகியும் அந்த நூல் நம் கையில் இருக்கிறது.

நல்ல நூல் நிலைத்ததில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது தானாக நிலைக்கவில்லை. எழுதியவருக்கு நிலம் கிடைத்தது, படியெடுக்க ஆள் கிடைத்தது, பாட மேடை கிடைத்தது, அச்சிடப் பணம் கிடைத்தது. இந்த நான்கும் கிடைக்காத எழுத்து என்ன ஆனது என்று கேட்பதற்கே இந்த வாரப் பத்தி.

தங்க எழுத்து யாருக்கு?

புத்தகக் கடைகளிலும் இணைய விற்பனையிலும் 'சேகரிப்போர் பதிப்பு' என்று ஒரு வகை இப்போது அதிகம் தென்படுகிறது. தோல் கட்டு, முதுகில் தங்க எழுத்து, ஓரங்களில் தங்கப் பூச்சு, பக்க அடையாளத்துக்குப் பட்டு நாடா. உள்ளே இருப்பது பெரும்பாலும் உலகம் அறிந்த பழைய அரசியல் கட்டுரைகள். அமெரிக்காவில் இப்படிக் கட்டி விற்கப்படும் நூல்களில் முக்கியமானது 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைத் தொகுப்பு. புதிய அரசமைப்புச் சட்டத்தை ஏற்கும்படி மக்களிடம் வாதாடி ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவர் எழுதிய 85 கட்டுரைகள் அதில் உள்ளன.

அவற்றில் பெரும்பாலானவை நியூயார்க் செய்தித்தாள்களில் வந்தவை. செய்தித்தாள் ஒரு நாள் சரக்கு. படித்துவிட்டுப் பொட்டலம் மடிக்கக் கொடுப்பது எல்லா நாட்டிலும் வழக்கம்தான். ஆனால் 1787 அக்டோபரில் தொடங்கிய அந்தக் கட்டுரைகள் 1788 மே மாதத்துக்குள் இரண்டு தொகுதிகளாகக் கட்டப்பட்டுவிட்டன. ஓராண்டுகூட ஆகவில்லை. அதே தொகுப்பின் 54ஆம் கட்டுரை, பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைப்பட்ட ஒரு கறுப்பின மனிதரை ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவதற்கு நியாயம் சொல்கிறது. அதன் மேலும் தங்கப் பூச்சு உண்டு. உள்ளே இருப்பது நியாயமா என்பதற்கு அட்டை பதில் சொல்லாது. யாருடைய எழுத்தைக் காக்க யார் முடிவு செய்தார்கள் என்பதைத்தான் அது சொல்லும்.

ராயப்பேட்டையிலிருந்து வந்த நான்கு பக்கம்

நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழ் வெளிவந்தது. நடத்தியவர் சித்த மருத்துவரும் பௌத்தருமான அயோத்திதாசப் பண்டிதர். பக்கம் நான்கு, விலை பெயரிலேயே இருந்தது. அடுத்த ஆண்டில் இதழின் பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. 1914 மே 5ஆம் தேதி அவர் மறையும் வரை வாரம் தவறாமல் எழுதினார். சுதேசியம் என்றால் என்ன, அந்தச் சுதேசத்தில் குளத்து நீர் யாருக்கு, நிலம் யாருக்கு, பள்ளிக்கூடம் யாருக்கு என்று கேட்டார். சாதியின் வரலாறு, தமிழ் இலக்கியத்துக்குப் புதிய விளக்கம், பௌத்தத்தின் சுவடுகள் என்று அந்த நான்கு பக்கங்களுக்குள் ஒரு முழு அரசியல் இருந்தது.

அவருக்கு முன்னும் இந்த வேலை நடந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரையே தலைப்பாக்கி இதழ் தொடங்கினார். வசைச் சொல்லாக வீசப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து அச்சில் ஏற்றிய துணிச்சல் அது. அதற்கும் முன்பே 'சூரியோதயம்', 'பஞ்சமன்', 'திராவிட பாண்டியன்' என்று இதழ்கள் இருந்தன. ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலில் 1869 தொடங்கி 1943 வரை வந்த தலித் இதழ்களின் வரலாற்றைத் திரட்டியிருக்கிறார். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது பெருமை வருகிறது. கூடவே வயிறும் எரிகிறது. பல இதழ்களுக்குப் பெயர்தான் மிச்சம். 'பறையன்' இதழுக்கே முழுத் தொகுப்பு இன்று கிடையாது.

அந்தக் காகிதத்தைக் கரையான் மட்டும் தின்னவில்லை. வாங்கி வைக்க நூலகம் முன்வரவில்லை, படித்தவர்கள் அதைப் படிப்பாக மதிக்கவில்லை. ஒரு பைசா கொடுத்து வாங்கியவர்களின் வீடு ஓலைக்கூரை. மழையும் நெருப்பும் முதலில் வருவது அந்த வீட்டுக்குத்தான்.

பாளையங்கோட்டை செய்த வேலை

இருந்தும் சிலர் காத்தார்கள். பண்டிதரின் எழுத்துகளைக் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செய்த நம் மக்கள் சித்தார்த்த புத்தகசாலை வழியாகச் சிறு நூல்களாக அச்சிட்டார்கள். 1926இல் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்தே 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தார். பூமிக்கு அடியில் இறங்கிச் சம்பாதித்த காசு அந்த அச்சுக்கூலிக்குள் இருக்கிறது. பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்ற சமூகப் பெரியவர்கள் தங்கள் சொத்தாக எண்ணிப் பாதுகாத்தார்கள்.

அந்தச் சேமிப்பிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதி அரசியலும் சமூகமும், இரண்டாவது சமயமும் இலக்கியமும். மூன்றாவது தொகுதி 2003இல் வந்தது. வெளியிட்டது, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரியும் முன்பு பாளையங்கோட்டையும் மேலகரமும் ஒரே மாவட்டம். சென்னையில் எழுதி, கோலாரில் அச்சாகி, பல கைகளில் ஒளிந்திருந்த எழுத்து, நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் கெட்டியாகக் கட்டப்பட்டது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்கக் கட்டுரைகள் தொகுதியாக ஓராண்டுகூடத் தேவைப்படவில்லை. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்துத்தான் அவருடைய கட்டுரைகள் தொகுதியாயின. இடையில் தமிழக அரசியல் வரலாறு என்று எழுதப்பட்ட புத்தகங்கள் எத்தனையோ. அவற்றில் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இல்லை. எழுதியவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. புரட்டிப் பார்க்கப் புத்தகமே இல்லாதபோது மறப்பது சுலபம்.

நம் பகுதிக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். மேலகரத்திலிருந்து செங்கோட்டை கூப்பிடு தூரம். நம் பிள்ளைகள் பாடநூலில் இதை ஒரு கோணத்தில் படிக்கிறார்கள். அந்தக் கொலையைக் கண்டித்து அதே ஆண்டில் 'தமிழன்' இதழில் எழுதியவர் அயோத்திதாசர். அவர் சொன்னதை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். பிரிட்டிஷ் ஆட்சி மீது அவருக்கு இருந்த நம்பிக்கையை இன்று கடுமையாக விமர்சிக்கவும் செய்யலாம். அதற்கெல்லாம் முதலில் படிக்க வேண்டும். நம் மண்ணில் நடந்த ஒரு நிகழ்வைச் சேரியின் பக்கம் நின்று பார்த்த எழுத்து, நம் ஊர் நூலகத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாமா?

எட்டு அணா வழக்கு

கெட்டி அட்டை என்றதும் விலைப் பேச்சு வரும். அந்தப் பேச்சும் புதிதல்ல. 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதிய உரையைப் பார்த்து அஞ்சி, மாநாட்டையே கைவிட்டது. பேசப்படாத அந்த உரையை அம்பேத்கர் தம் சொந்தச் செலவில் 'சாதி ஒழிப்பு' நூலாக அச்சிட்டார். 1,500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் அந்த நூலுக்கு மறுப்பு எழுதினார். அதில் விலையைப் பற்றியும் ஒரு வரி உண்டு: எட்டு அணா என்பதை இரண்டு அணாவாக, குறைந்தது நான்கு அணாவாகக் குறைக்கலாம் என்றார்.

நூலின் கருத்தை ஏற்காதவர் விலையைக் குறைக்கச் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் அதிலுள்ள கேள்வி உண்மையானது. யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் வாங்க முடியாத விலையில் நூல் இருந்தால் பயன் என்ன? அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், நூல் அதற்குள் குஜராத்தியிலும் தமிழிலும் வந்துவிட்டதை அம்பேத்கர் குறிப்பிடுகிறார். அந்தத் தமிழ்ப் பதிப்பைக் கொண்டுவந்தது பெரியாரின் குடிஅரசு. மராத்திக்கும் இந்திக்கும் முன்பே தமிழில் படித்தோம் என்பது சிறிய பெருமை அல்ல. அது மலிவுப் பதிப்பு செய்த வேலை.

மலிவுப் பதிப்பு பரப்பும். காப்பதற்கு வேறு பதிப்பு வேண்டும். அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தபோது அச்சேறாத கையெழுத்துப் படிகள் பெட்டிகளில் கிடந்தன. மகாராஷ்டிர அரசு வசந்த் மூன் அவர்களைப் பதிப்பாசிரியராக்கி முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல். 23 ஆண்டுகள் இடைவெளி. தமிழில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், மத்திய அரசின் டாக்டர் அம்பேத்கர் பவுண்டேஷன் துணையோடு 37 தொகுதிகளைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசின் 2023-24 நிதிநிலை அறிக்கையிலும் அம்பேத்கர் நூல்களைத் தமிழாக்க 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

அழகான பதிப்பு வந்தாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2014இல் நவயானா பதிப்பகம் 'சாதி ஒழிப்பு' நூலுக்கு விரிவான குறிப்புகளோடு ஆங்கிலப் பதிப்பு கொண்டுவந்தபோது, அருந்ததி ராயின் நீண்ட முன்னுரையைத் தலித் அறிவாளர்கள் பலர் கேள்வி கேட்டார்கள். அம்பேத்கரை அறிமுகம் செய்ய இன்னொருவரின் புகழ் ஏன் தேவைப்படுகிறது என்பது அவர்கள் கேள்வி. யார் கட்டுகிறார்கள், யார் முன்னுரை எழுதுகிறார்கள், யார் கைக்குப் போகிறது என்ற மூன்றும் அரசியல்தான்.

தோலுக்குத் தீட்டு, புத்தகத்துக்கு மதிப்பு

விலை உயர்ந்த பதிப்பின் பெருமையே தோல் கட்டு. இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தோல் என்றதும் நினைவுக்கு வருவது வேறு. செத்த மாட்டை அப்புறப்படுத்து, தோலை உரி, பதனிடு, செருப்புத் தை, பிறகு ஊருக்குள் செருப்புப் போடாமல் நட என்று விதித்த சமூகம் இது. அந்தக் கைகள் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் போய்ப் புத்தக அட்டையானது. கட்டிய தோல் ஏன் பொடிப்பொடியாக உதிர்கிறது என்று ஆராய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கலைச் சங்கம் ஒரு குழு அமைத்தது. நம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் அதன் குறைப் பட்டியலில் இடம்பெற்றது. தோலின் குறையைக் கண்டுபிடிக்கக் குழு இருந்தது. பதனிட்டவர்களின் நிலையை எழுதக் குழு இல்லை. தோலைத் தொட்ட கை தீட்டு, அதே தோல் போர்த்திய புத்தகம் வரவேற்பறையில் மதிப்பு. அந்தக் கைகளின் வரலாற்றைச் சொல்லும் நூலுக்கும் நல்ல அட்டை கேட்பது ஆடம்பரம் ஆகாது.

காகிதம் நிலைத்தால்

எழுத்து நிலைப்பதால் சோறு கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பஞ்சமி நிலத்தைப் பாருங்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அந்த நிலம் பிறர் கைக்குப் போனபின், நூறு ஆண்டு கழித்து நம் மக்கள் மனு எழுதியபோது கையில் ஏந்தியது அந்தக் காகிதங்களைத்தான். 1994இல் செங்கல்பட்டுப் பகுதியில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு உயிர்கள் பலியாயின. அந்தப் போராட்டத்தின் அடிப்படையும் பழைய ஆவணமே.

அரசின் பதிவறையில் கட்டி வைக்கப்பட்டதால் அந்த அறிக்கை மிஞ்சியது. 'பறையன்' இதழைக் கட்டி வைக்க யாரும் இல்லாததால் அது சிதறியது. நிலத்துக்கு ஆவணம் எப்படியோ, மரியாதைக்கு இந்த நூல்கள் அப்படி. நம் முன்னோர் அரசியல் பேசவில்லை, யாரோ வந்து சொல்லித்தந்தார்கள் என்று ஒருவர் மேடையில் சொன்னால், எடுத்துக் காட்டக் கையில் புத்தகம் வேண்டும்.

சாரல் ஊரில் புத்தகம்

மேலகரத்தில் புத்தகம் காப்பது சிரமம். ஜூனில் சாரல் தொடங்கினால் சுவரில் ஈரம் ஏறும், அட்டையில் பூஞ்சணம் படரும், ராமபாணப் பூச்சி பக்கங்களை அரிக்கும். பசை போட்டு ஒட்டிய மலிவுப் பதிப்பு இரண்டு சாரலில் தாள் தாளாகக் கழன்றுவிடும். நன்றாகக் கட்டிய புத்தகம் வேறு. பாரம் பாரமாக நூல் போட்டுத் தைத்து, முதுகில் காடாத் துணி ஒட்டி, கெட்டி அட்டைக்கு மேல் காலிகோ போர்த்தினால் தலைமுறை தாங்கும். பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய பைண்டர்களின் பழக்கம், பூச்சி அண்டாது. தங்கமும் தோலும் தேவையில்லை. மலிவுப் பதிப்பை வாங்கி நம் ஊர் பைண்டரிடம் கொடுத்தாலே அது நிலைக்கும் பதிப்பு.

ஆனால் நிலைக்கும் புத்தகத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. விலை உயர்ந்தது என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். 'குறிப்புதவி நூல், வீட்டுக்குத் தர முடியாது' என்பார்கள். பகலெல்லாம் வேலைக்குப் போகும் இளைஞரும் கூலி வேலைக்குப் போகும் தாயும் நூலகத்தில் உட்கார்ந்து 37 தொகுதிகளைப் படிக்க முடியாது. கோயில் கதவும் பள்ளிக் கதவும் ஒரு காலத்தில் நமக்குப் பூட்டியிருந்தன. நம் சொந்தச் சிந்தனையின் மேலேயே இன்னொரு பூட்டு விழ விடக் கூடாது.

மேலகரத்தில் செய்யக்கூடியது

முதலாவது, நூலகம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். வரியில் ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா. மேலகரம் பேரூராட்சி ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். பணம் கட்டியவர்களுக்குப் புத்தகம் கேட்க உரிமை உண்டு. 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளும் அம்பேத்கர் தொகுதிகளும் நம் பகுதி நூலகங்களில் உண்டா, முழுமையாக உண்டா, திறந்த அடுக்கில் உண்டா என்று வாசகர் வட்டம் வழியாக எழுத்தில் கேளுங்கள். இரண்டு படிகள் கேளுங்கள்: ஒன்று கெட்டியாகக் கட்டி நூலகத்தில் நிலையாக இருக்க, மற்றொன்று வீட்டுக்கு எடுத்துப் போக.

இரண்டாவது, விடுதி. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் போட்டித் தேர்வு வழிகாட்டிகள் இருந்தால் போதும் என்று நிர்வாகம் நினைக்கிறது. வேலைக்கு அது வேண்டும்தான். ஆனால் தேர்வில் அயோத்திதாசர் பற்றி ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை மனப்பாடம் செய்யும் மாணவர், அவர் எழுதிய ஒரு பக்கத்தையாவது படித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நம் வீடு. ஏப்ரல் 14 அன்று ஃபிளெக்ஸ் பேனருக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதி புத்தகத்துக்குப் போகட்டும். பேனர் மறுநாள் கிழிந்துவிடும். திருமணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் கட்டிய தொகுதி ஒன்றைப் பரிசாகக் கொடுங்கள். கூடவே, நம் தெருவில் இருக்கும் காகிதங்களையும் கட்டுங்கள். பட்டா கேட்ட மனு, சுடுகாட்டுப் பாதைக்காகக் கொடுத்த விண்ணப்பம், சங்கத்தின் தீர்மான நோட்டு, விழா மலர், தேர்தல் துண்டறிக்கை, எல்லாமே நாளைய வரலாறு. ஒரு பைசா இதழை யாரோ ஒருவர் ட்ரங்குப் பெட்டியில் வைத்ததால்தான் இன்று நமக்கு மூன்று தொகுதிகள் இருக்கின்றன.

கவிராயரின் நூலைக் காக்க அரசரும் அறிஞரும் இருந்தார்கள். பண்டிதரின் எழுத்தைச் சுரங்கத் தொழிலாளர்கள் காத்தார்கள். இரண்டு நூல்களும் மேலகரம் நூலகத்தில் ஒரே அடுக்கில், ஒரே தரத்தில் கட்டி, பூட்டில்லாமல் இருக்க வேண்டும். அடுத்த முறை வீட்டு வரி கட்டப் போகும்போது ரசீதில் நூலக வரியைப் பாருங்கள். அப்படியே நூலகத்துக்கும் ஒரு நடை போய், இந்தத் தொகுதிகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் எடுத்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.